நனையாத வேட்டியும் ஐந்தருவிப் படிக்கட்டும்

இதை நான் எழுதியே ஆகவேண்டும் என்ற முடிவுக்கு வந்தது சென்ற மாதம், வீரகேரளம்புதூரில் ஒரு திருமணப் பந்தியில். எதிர் வரிசையில் அமர்ந்திருந்த ஓர் இளைஞர், நான் யாரென்று அறியாமல், பக்கத்திலிருந்தவருக்கு என் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் கூற்றுப்படி, தென்காசிப் பக்கத்துப் பேராசிரியர் ஒருவர் தாமே கண்டுபிடித்த மருந்தை உடலெங்கும் பூசிக்கொண்டு ஐந்தருவியில் குதித்தார்; அருவி அவரை அடித்துச் சென்றது; தீயணைப்புப் படையினர் வந்து மீட்டனர். என் மைத்துனன் வீட்டில் வழங்கும் வடிவத்தில் ஒரு குரங்கும் வருகிறது. என் மனைவி கோமதி சொல்லும் வடிவத்தில் குரங்கு இல்லை. ஆனால் நான் அழுததாக வருகிறது.

நான் அழவில்லை. குதிக்கவில்லை. எந்த மருந்தையும் உடலில் பூசவில்லை. நடந்தது இவை எல்லாவற்றையும்விட இழிவானது. ஆயினும் அதுவே உண்மை. எனக்கு அகவை அறுபத்தாறு ஆகிறது. நான் உயிரோடு இருந்து கூட்டும் பொரியலும் உண்ணும்போதே இத்தனை வடிவங்கள் உலவுமானால், எனக்குப் பின் அக்குரங்கு என்னவெல்லாம் செய்யுமோ என்ற அச்சத்தால் எழுதுகிறேன்.

பதினைந்து ஆண்டுகளுக்கு முன், தென்காசிக்கு அருகில் ஒரு கல்லூரியில் வேதியியல் பேராசிரியனாக இருந்தேன். அப்போது எனக்கு ஐம்பத்தோர் அகவை. அதாவது, எல்லாம் தெரியும் என்று மனிதன் உறுதியாக நம்பும் விளையாட்டுப் பருவம்.

சேம்பிலையில் விழுந்த மழைத்துளி ஒட்டாமல் உருண்டோடுவதைப் பார்த்திருப்பீர்கள். அவ்விலை வழவழப்பானது என்பது நம் எண்ணம். உண்மையில் அதன்மேல் கண்ணுக்குப் புலப்படாத மேடுகள் நெருக்கமாக நிற்கின்றன. அவற்றின்மேல் மெழுகு படிந்திருக்கிறது. நீர்த்துளி அம்மேடுகளின் உச்சியில் மட்டும் அமர்கிறது. இடைப்பட்ட பள்ளங்களில் காற்று குடியிருப்பதால் கீழிறங்க வழியின்றி உருண்டுவிடுகிறது. இதையே பருத்தித் துணியில் நிகழ்த்த முடியுமா என்பதுதான் எங்கள் ஆய்வு. தலைமயிரின் தடிப்பில் ஆயிரத்தில் ஒரு பங்கே உள்ள சிலிக்காத் துகள்களைத் துணியிழைகளின்மேல் படியவைத்து, அதன்மேல் மெழுகுத்தன்மை கொண்ட ஒரு படலத்தைப் பூசினோம். உலகம் இவ்வளவைகளை 'நானோ' என்றது; நான் 'மீநுண்' என்றேன். (ஆய்வகத்தில் அப்படிச் சொன்னவன் நான் ஒருவன்தான்.)

ஆய்வகம் என்று பெருமையாகச் சொல்லிவிட்டேன். விளையாட்டுத் துறையின் பழைய பொருளறை அது. மூன்றாண்டுத் திட்டம் ஒன்றின்பேரில் எங்களுக்குக் கிடைத்திருந்தது. மூன்றாம் ஆண்டு முடியும் தறுவாயில் வெளியூரிலிருந்து ஒரு மதிப்பீட்டாளர் வருவார்; தொடரலாம் என்று அவர் எழுதினால் தொடரும், கைவிடலாம் என்று எழுதினால் அறையைப் பூட்டிச் சாவியைக் கொடுத்துவிட வேண்டும். உடற்கல்வி இயக்குநரோ அதுவரை பொறுக்க மாட்டாதவராய், வாரம் ஒருமுறை வந்து வாயிலில் நின்று, கேரம் பலகைகளை எந்தச் சுவரோரம் அடுக்கலாம் என்று கண்ணாலேயே அளந்துவிட்டுப் போவார்.

அறை போனால் எனக்கு ஒன்றுமில்லை. வகுப்பெடுத்துக் காலம் தள்ளியிருப்பேன். பாத்திமாவுக்கு அப்படியன்று. கடையநல்லூர் நெசவுக் குடும்பத்துப் பெண். என் ஆய்வு மாணவி. அவருடைய முனைவர் பட்டத்துக்கான இரண்டரையாண்டு உழைப்பு முழுவதும் அவ்வறைக்குள்தான் இருந்தது. அறை மூடினால் பட்டமும் மூடும். துபாயில் வேலை பார்த்த அவருடைய தந்தை (அவர் வாயில் 'அத்தா') வாரந்தோறும் தொலைபேசியில் ஒரே வினாவைக் கேட்பாராம்: "எப்பம்மா முடியும்?" (என்னை 'ஐயா' என்று அழைக்குமாறு பாத்திமாவிடம் முதல் நாளே சொல்லியிருந்தேன். "சரி சார்" என்றார். அதோடு அந்த முயற்சி முடிந்தது.)

மதிப்பீட்டாளர் ஆடி மாதத்தில் வருவதாகக் கடிதம் வந்தது. (அறிவியலாளர்கள் தென்காசிக்கு ஆய்வுப் பயணம் வரும் மாதங்களைக் கவனித்தால் குற்றாலச் சாரலுக்கும் அறிவியலுக்கும் உள்ள நெருக்கம் விளங்கும்.) பாத்திமா உடனே ஒரு திட்டம் வகுத்தார். கைக்குட்டை அளவுத் துணிகளைச் சட்டங்களில் இறுக்கிக் கட்டி வைப்பது. சொட்டுக் குழாயால் நீர் விட்டுத் துளியின் கோணத்தை அளந்து காட்டுவது. அரை மணியில் முடிப்பது. தெளிவான, அடக்கமான, சரியான திட்டம். ஆகவே எனக்குப் பிடிக்கவில்லை.

"கைக்குட்டையைக் காட்டி யாரை வியக்கவைப்பது, அம்மா?" என்றேன். "முழு வேட்டி. முழுச் சட்டை. ஐந்தருவிச் சாரலில் நான் நிற்பேன். நனையாமல் நிற்பேன்."

பாத்திமா கையிலிருந்த துணிச்சட்டத்தைக் கீழே வைத்தார். பிறகு, "சார், ஒண்ணு சொல்லுதேன், கோவப்படாதீங்க" என்றார். "தண்ணியத்தான நாம நிறுத்தியிருக்கோம்? எண்ணெய நிறுத்தலியே. எண்ணெய் பட்டா அந்தப் பள்ளத்துக்குள்ள எறங்கி உக்காந்துக்கிடும். அப்புறம் தண்ணியும் பின்னாலயே வந்துரும். குத்தாலத்துல எண்ணெய் தேய்க்காத ஆளு யாரு சார் இருக்கா?"

"நான் இருக்கிறேன்" என்றேன்.

"எண்ணெய் வச்சும் ஒரு சோதனை செஞ்சு அறிக்கையில சேத்துருவோமா சார்?"

"நம் குறையை நாமே பறைசாற்றுவதா? வேண்டா."

அந்த 'வேண்டா'வை நினைத்தால் இன்றும் எனக்கு உடல் கூசுகிறது.

எட்டு முழ வேட்டிக்கு மீநுண் பூச்சு பூசுவது எளிதன்று. வீட்டில் துணி ஊறவைக்கும் தொட்டியைக் கோமதியிடமிருந்து பெற்றுக் கல்லூரிக்குக் கொண்டுபோனேன். அது திரும்பி வரவில்லை. (அத்தொட்டியைப் பற்றி எங்கள் இல்லத்தில் இன்றும் பேச்சு எழுகிறது.) மூன்று முறை முக்கி, மூன்று முறை உலர்த்தியபின் வேட்டி அப்பளம் போல விறைத்துக்கொண்டது. கட்டிக்கொண்டு நடந்தால் சருகின்மேல் ஓணான் ஓடும் ஒலி கேட்டது. சற்றுப் பதப்படுத்தலாம் என்று மேலகரத்தில் எங்கள் தெருமுனையில் துணி தேய்க்கும் சுடலை அண்ணாச்சியிடம் கொடுத்தேன். மாலையில் போனபோது, வேட்டியை மேசைமேல் விரித்துப்போட்டு, இடுப்பில் கை வைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாத்தியாரய்யா, இந்த வேட்டிக்கு என்னமோ கோளாறு இருக்கு."

"என்ன கோளாறு?"

"தண்ணி தெளிச்சா ஒட்ட மாட்டேங்கு. உருண்டு என் கால்லயே விழுது. முப்பது வருசமா தேய்க்கேன், இப்பிடி ஒரு வேட்டியப் பாத்ததில்ல. எங்கன வாங்குனிய? பில்லு இருந்தா திருப்பிக் குடுத்துருங்க."

அவருக்கு நான் மேடு பள்ளங்களைப் பற்றியும் காற்றைப் பற்றியும் கால் மணி நேரம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். முடிவில், "அப்போ இத எப்பிடித் தொவைப்பிய?" என்றார்.

அப்படி ஒரு வினா இருக்கிறது என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. வேட்டியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

இனி என் மைத்துனன் இசக்கியைப் பற்றிச் சொல்ல வேண்டும். கோமதியின் தம்பி. சீசன் காலத்தில் ஐந்தருவிக்குப் போகும் வழியில் கடை போடுவான். துண்டு, சோப்பு, எண்ணெய்ப் பொட்டலம், ஊர்ப்பெயர் அச்சிட்ட பனியன் எல்லாம் விற்பான். மதிப்பீட்டாளர் முனைவர் தாமோதரன் சென்னையிலிருந்து வந்து குற்றாலத்தில் ஒரு விடுதியில் தங்குவதாக ஏற்பாடு. காலையில் நான் ஐந்தருவியில் ஆயத்தமாக நிற்பது. அவரை அங்கே அழைத்துவருவது இசக்கியின் பொறுப்பு. "பெரிய மனிதர். நம் ஊர் முறைப்படி நன்றாகக் கவனித்துக்கொள்" என்று நான்தான் சொன்னேன். என் வாயால் சொன்னேன்.

"அத்தான், அத எங்கிட்ட விடுங்க. குளுரக் குளுரக் கவனிச்சுப்புடுதேன்" என்றான்.

அன்று காலை சாரல் மிக அழகாக விழுந்தது. ஐந்தருவிப் படிக்கட்டின் நடுவே, வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, கையில் குடையின்றி நின்றேன். துளிகள் என்மேல் விழுந்தன, உருண்டன, ஓடின. சட்டைக் கையிலிருந்து முத்துக்கள் சிந்துவது போல் இருந்தது. முதலில் கண்டவர் வறுத்த வற்றல் விற்றுக்கொண்டிருந்த ஓர் ஆச்சி.

"ஏட்டி, அங்கன பாரு! அந்த சார் மேல தண்ணி ஒட்ட மாட்டேங்குட்டி!"

ஐந்து நிமிடத்தில் கூட்டம் கூடிவிட்டது. ஒருவர் கையில் நீரள்ளி என் முதுகில் தெளித்துப் பார்த்தார். இன்னொருவர் குவளையோடு வந்தார். "சார், நீங்க மெழுகா?" என்று கேட்டாள் ஒரு சிறுமி. நான் சேம்பிலையில் தொடங்கினேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது: ஒரு படி மேலே ஏறி நின்றுகொண்டு தொடங்கினேன். பாத்திமா கூட்டத்தின் ஓரத்தில் குடைக்கடியில் நின்று, என்னைப் பார்க்காமல் மேல்படிகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் பார்த்த திசையிலிருந்து இசக்கியின் குரல் கேட்டது. "அத்தான்! சாரக் கூட்டியாந்துட்டேன்!"

திரும்பினேன்.

முனைவர் தாமோதரன் இடையில் ஒரு துண்டு மட்டும் அணிந்து, உச்சி முதல் உள்ளங்கால் வரை எண்ணெயில் மின்னிக்கொண்டு, கோவில் கருவறையில் புதிதாக எண்ணெய்க்காப்பு இட்ட சிலைபோல் இறங்கி வந்துகொண்டிருந்தார். குற்றாலத்துக்கு வந்த விருந்தினரை எண்ணெய் தேய்க்காமல் அருவிக்கு அழைத்துவருவது இசக்கியின் அகராதியில் அவமதிப்பு. கடையிலிருந்த நல்ல மூலிகை எண்ணெயில் ஒரு முழு பாட்டிலைத் தேர்ந்த கையால் முக்கால் மணி நேரம் தேய்க்கச் செய்திருந்தான். தாமோதரன் முகத்தில் உலகத்தின்மேல் எந்தக் குறையும் இல்லாத ஒரு புன்னகை இருந்தது.

"பேராசிரியரே! நனையவே இல்லையே நீங்க!" என்று கைகளை விரித்தார். விரித்த கையோடு அடுத்த படியில் கால் வைத்தார்.

எண்ணெய்க்காலும் பாசிப்படியும் சந்தித்தால் என்ன நிகழும் என்பதற்கு மீநுண் அறிவியல் தேவையில்லை. அவர் மேலிருந்து வந்தார். நான் விலகியிருக்கலாம். விலகினால் அவர் கீழே போய்விடுவார். அவரோடு எங்கள் அறையும் போய்விடும். கைகளை நீட்டித் தாங்கினேன். அவர் என்னை இறுகத் தழுவினார். கன்னம் என் தோளில், வயிறு என் வயிற்றில், இரு உள்ளங்கைகளும் என் முதுகில். அப்படியே இருவரும் நான்கு படிகள் வழுக்கி, ஐந்தாம் படியில் அமர்ந்தோம். கூட்டம் கைதட்டியது. இதுவும் காட்சியின் ஒரு பகுதி என்று எண்ணியிருக்க வேண்டும்.

எழுந்து நின்றோம். அடி ஒன்றுமில்லை. அப்பாடா என்று மூச்சுவிட்டேன். அந்த நேரம் பார்த்துச் சாரல் வலுத்தது.

எண்ணெய் படாத இடங்களில் துளிகள் முன்போலவே உருண்டன. எண்ணெய் பட்ட இடங்களில் நீர் விருந்தாளி போல் உள்ளே நுழைந்து பரவியது. கூட்டத்தின் கண்முன்னே, என் வெண்ணிற உடையின்மேல், முனைவர் தாமோதரனின் உருவம் சிறிது சிறிதாகத் தோன்றியது. தோளில் கன்னமும் காதும். முதுகில் இரண்டு கைகள். இவற்றையெல்லாம் பொறுத்துக்கொண்டிருப்பேன். வயிறு இருந்த இடத்தில்தான் இடர். நனைந்த வெள்ளைத் துணி கண்ணாடி போலாகும் என்பது தாங்கள் அறிந்ததே. ஒரு பெரிய பூசணி அளவு வட்டத்தில் வேட்டி கண்ணாடியாயிற்று. அதன் வழியே என் உள்ளாடையின் பச்சைக் கோடுகள் ஐந்தருவி முழுவதற்கும் தெளிவாகத் தெரிந்தன.

"இப்பம் தண்ணி ஒட்டுதுட்டி!" என்றார் ஆச்சி.

அறிவுள்ளவன் அங்கிருந்து போயிருப்பான். எனக்குள் இருந்த பேராசிரியன் போக விடவில்லை. "எண்ணெய் படாத பகுதி எதையும் தாங்கும், அருவியிலேயே நின்று காட்டுகிறேன்" என்று அறிவித்துவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அருவிக்குள் புகுந்தேன்.

"சார், வேண்டாம் சார்!" என்று பாத்திமா கத்தியது காதில் விழுந்தது.

நீரை வெளியிலிருந்து உள்ளே விடாத துணி, உள்ளிருந்து வெளியேயும் விடாது. இதை நான் எண்ணிப் பார்க்கவில்லை. அருவி என் கழுத்துப்பட்டை வழியே உள்ளே இறங்கியது. இறங்கிய நீருக்குப் போக வழியில்லை. சட்டைப்பை நிரம்பியது. மடித்துக் கட்டிய வேட்டி ஒரு தோற்பை போல் உப்பியது. நான் வெளியே வந்தபோது இரண்டு குடம் நீரை இடுப்பில் சுமந்துகொண்டு, நிறைமாதக் கருவுற்றவர் போல் பின்சாய்ந்து நடந்தேன். அங்கே இருந்த தட்டு எவருடையது என்று பாராமல் அதன்மேல் மடிப்பை அவிழ்த்துவிட்டேன்.

"ஏ வாத்தியாரே! கண்ணு அவிஞ்சா போச்சு?" என்று எழுந்தார் ஆச்சி. "இம்புட்டுத் தண்ணிய இடுப்புல கட்டிட்டு வந்து என் வத்தல்ல கொட்டுதீரே! இதுக்கா படிச்சீரு?"

 நனைந்த வற்றல் முழுவதையும் நானே வாங்கிக்கொண்டேன்.

இசக்கி தன் கடையிலிருந்து மாற்றுடை கொண்டுவந்தான். பூப்போட்ட மயிற்பச்சைக் கைலி. குற்றாலத்தின்மேல் தனக்குள்ள காதலை இதயப் படத்தோடு ஆங்கிலத்தில் அறிவிக்கும் ஒரு பனியன். என் அளவுக்கு அது ஒன்றுதான் இருந்ததாம். அக்கோலத்தில்தான் மகிழுந்தில் மதிப்பீட்டாளர் அருகே அமர்ந்து கல்லூரிக்குப் போனேன்.  விடுதியில் உடை மாற்றிக்கொண்டு வந்த தாமோதரன், வழி நெடுகச் சன்னலுக்கு வெளியே பார்த்தபடி இருந்தார். முன்னிருக்கையில் பாத்திமா, என் ஈரச்சட்டையை ஒரு பிளாசுடிக் பையில் போட்டு மடியில் வைத்திருந்தார். அவர் முகத்தைக் கண்ணாடியில் பார்த்தேன். சினம் இருந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். அதில் இருந்தது கணக்கு: எத்தனை மாதம் வீணாயிற்று, அத்தாவிடம் என்ன சொல்வது என்ற கணக்கு. கல்லூரி வாயிலில் உடற்கல்வி இயக்குநர் நின்றிருந்தார். என் பனியனைப் படித்தார். மிகுந்த அன்போடு வணக்கம் சொன்னார்.

ஆய்வகத்தில் தாமோதரன் நாற்காலியில் அமர்ந்து கோப்பைத் திறந்தார். "சரி. சொல்லுங்க" என்றார். என்னைப் பார்த்துச் சொன்னார். நான் கைலியின் முடிச்சை இறுக்கிக்கொண்டேன்.

பாத்திமா சட்டையை எடுத்தார். சூடான காற்றுக் கருவியால் உலர்த்தினார். சுவரிலிருந்த கம்பியில் முதுகுப்புறம் தெரியத் தொங்கவிட்டார். நீர்த்தெளிப்பானால் மேலிருந்து கீழ்வரை ஒரே சீராகத் தெளித்தார். நீர் எங்கும் உருண்டோடியது. நடுவில் மட்டும் இரண்டு கைகள், விரல் விரலாக, இருண்டு தோன்றின.

"ஒங்க கைதான் சார்" என்றார்.

தாமோதரன் எழுந்து வந்தார். தம் கையை அச்சுவட்டின்மேல் வைத்துப் பார்த்தார். மிகச் சரியாகப் பொருந்தியது. "இந்தச் சுண்டு விரல் மட்டும் ஏன் நனையல?" என்றார்.

"அதுல ஒங்க அழுத்தம் கம்மி சார். மேல லேசாத் தடவுன எண்ணெய்னா மேட்டுலயே நின்னுரும், இன்னும் கொஞ்ச நாள் தாங்கும். அழுத்துனாத்தான் பள்ளத்துக்குள்ள எறங்குது." அலமாரியைத் திறந்து ஒரு நீல நோட்டை எடுத்துவந்தார். நல்லெண்ணெய், தேங்காயெண்ணெய், அருவிக்கரை மூலிகை எண்ணெய் என்று தனித்தனியே பக்கங்கள். அழுத்தி வைத்தால் எப்படி, தடவினால் எப்படி. சீயக்காய் போட்டு அலசினால் எவ்வளவு மீள்கிறது, சோப்புப் போட்டால் ஏன் மீள்வதில்லை. ஒவ்வொரு துளிக்கும் படம், அதன் கீழே ஒரு ஞாயிற்றுக்கிழமைத் தேதி. "மூலிகை எண்ணெய இசக்கி அண்ணாச்சி கடையிலதான் வாங்குனேன்" என்றார்.

நான் அந்நோட்டை அதற்குமுன் கண்டதில்லை.

"இவ்வளவு செஞ்சுட்டு, இத ஏன் அறிக்கைல போடல?" என்று கேட்டார் தாமோதரன்.

 பாத்திமா தரையைப் பார்த்தார்.  என் பனியனின் இதயம் துடித்தது.

"நான்தான் வேண்டாவென்றேன்" என்றேன். "நம் குறை வெளியே தெரியக் கூடாதென்று நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் தாமே வந்து செய்திருக்கிறார் போலும். எனக்குத் தெரியாது."

தாமோதரன் என்னை ஏற இறங்கப் பார்த்தார். கைலியைப் பார்த்தார். பனியனைப் பார்த்தார். அங்கேதான் அவருக்குச் சிரிப்பு வந்தது. முதலில் தோள் குலுங்கியது; பிறகு நாற்காலியில் அமர்ந்து, எண்ணெய் மணக்கும் கையால் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். கண் எரியவே எழுந்துபோய் முகம் கழுவிவிட்டு வந்து மீண்டும் சிரித்தார். அதன்பின் பாத்திமாவோடு அமர்ந்து மூன்று மணி நேரம் அந்த நோட்டைப் பக்கம் பக்கமாகப் படித்தார். நான் இருவருக்கும் தேநீர் வாங்கி வந்தேன். தொட்டுக்கொள்ள வற்றல் இருந்தது.

மதிப்பீட்டறிக்கை ஒரு மாதத்தில் வந்தது. எண்ணெயையும் தாங்கும் பரப்புகளை நோக்கி ஆய்வை மேலும் இரண்டாண்டு தொடரலாம் என்று எழுதியிருந்தார். இறுதியில் ஒரு வரி: 'முதன்மை ஆய்வாளர் தம்மையே சோதனை மாதிரியாகப் பயன்படுத்துவதைத் தவிர்ப்பது நலம்.' கல்லூரி முதல்வர் அதைத் துறைத்தலைவர்கள் கூட்டத்தில் உரக்கப் படித்தார். இருமுறை படித்தார். உடற்கல்வி இயக்குநர் கேரம் பலகைகளை நூலக மாடிக்குக் கொண்டுபோனார்.

பாத்திமா பட்டம் பெற்றார். அவர் ஆய்வேட்டின் நான்காம் இயலில் ஒரு முழுப்பக்க வண்ணப்படம் இருக்கிறது: வெள்ளைத் துணியில் இரண்டு கைகள். அதன் கீழே, நான் மன்றாடியும் மாற்ற மறுத்துவிட்ட விளக்கம்: 'எண்ணெய் படிந்த பின் நீர்விலக்குத் திறன் இழந்த பகுதி. மாதிரி: நெறியாளரின் முதுகு.' வாய்மொழித் தேர்வில் அப்படத்தின்மேல்தான் அதிக வினாக்கள் எழுந்தன. துபாயிலிருந்து விடுப்பில் வந்து பின்வரிசையில் அமர்ந்திருந்த அவருடைய அத்தா, படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, வெளியே வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ரொம்பச் சிரமப்பட்டிருக்கியளே சார்" என்றார். அவ்வளவு ஆறுதலான சொல்லை அவ்விடயத்தில் வேறெவரும் எனக்குச் சொன்னதில்லை.

எங்கள் வீட்டில் நிலைமை வேறு. சீசனுக்கு வரும் உறவினர் எவரேனும் எண்ணெய் தேய்த்துக்கொண்டு அருவிக்குக் கிளம்பினால், கோமதி அடுக்களையிலிருந்தே குரல் கொடுப்பாள்: "ஏங்க, அவங்க பக்கத்துல போகாதீங்க, உருவம் விழுந்துரும்!" பேரப்பிள்ளைகளுக்கு ஏன் சிரிக்கிறோம் என்று தெரியாது, ஆயினும் சிரிக்கிறார்கள்.

நினைவிலிருந்து எழுதியதால் பிழைகள் இருக்கலாம். வழுக்கிய படிகள் நான்கா ஐந்தா என்பதில் எனக்கே ஐயம் உண்டு. முதலில் வழுக்கியது நான்தான் என்று முனைவர் தாமோதரன் இன்றும் கூறிவருவதாகக் கேள்வி. அன்று காலை ஐந்தருவியில் நின்றவர்கள் இதைப் படிக்க நேர்ந்தால், பிழை கண்ட இடத்தைச் சுட்டி எழுதியனுப்புமாறு பணிவுடன் வேண்டுகிறேன். திருத்தங்கள் மட்டும் போதும். கைப்பேசியில் எடுத்த படங்கள் யாரிடமேனும் இருந்தால் அனுப்ப வேண்டா.